ராணுவப் பயிற்சிக்குச் செல்லும் ஊழியரும் முதலாளியின் கடமையும்

கேள்வி: நியூ ஜெர்சியில் ஒன்பது பேர் பணிபுரியும் அச்சகம் நடத்துகிறேன். ‘நேஷனல் கார்டு’ என்ற அமெரிக்கப் பகுதிநேரப் படையில் உள்ள ஊழியர் ஒருவர், பயிற்சிக்குச் செல்ல வேண்டியிருப்பதாக வாய்மொழியாகச் சொன்னார். சிறு நிறுவனமான நாங்களும் அவருடைய உரிமைகளை முறைப்படி தெரிவிக்க வேண்டுமா?

பதில்: கட்டாயம் தெரிவிக்க வேண்டும். படைப்பணிக்குச் செல்வோரின் வேலையைக் காக்கும் ‘யூசெரா’ என்ற 1994-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம், ஒரே ஓர் ஊழியரை வைத்திருப்பவரையும் கட்டுப்படுத்தும். தெரிவிக்கும் கடமை 2004-இல் திருத்தமாகச் சேர்க்கப்பட்டது. தொழிலாளர் துறை இலவசமாக வெளியிட்டிருக்கும் அறிவிப்பை, வழக்கமாக அறிவிப்புகள் ஒட்டும் இடத்தில் ஒட்டினாலே போதும், மின்னஞ்சலிலும் அனுப்பலாம். ஒட்டத் தவறினால் அபராதம் என்று இச்சட்டம் கூறவில்லை. ஆனால் ஊழியர் தொழிலாளர் துறையிடம் முறையிடலாம், வழக்கும் தொடுக்கலாம்.

அறிவிப்பை ஒட்டுவது எளிது; அதில் உள்ளபடி நடப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். விடுப்புப் படிவத்தில் ‘அனுமதிக்கப்பட்டது’, ‘மறுக்கப்பட்டது’ என்று இரண்டு கட்டங்கள் இருக்குமல்லவா? இந்த விடுப்பில் இரண்டாவது கட்டத்துக்கு வேலையே இல்லை. ஊழியர் உங்களிடம் அனுமதி கேட்கவில்லை, முன்கூட்டியே தகவல் தருகிறார். அதை வாய்மொழியாகத் தந்தாலும் செல்லும். அவர் சேர்த்துவைத்த சம்பள விடுப்பை இதற்காக எடுக்குமாறு வற்புறுத்தவும் முடியாது.

திரும்பி வருவதற்கான கெடு, படைப்பணி நீடித்த காலத்தைப் பொறுத்தது. 30 நாள் வரையிலான பணி என்றால், அவர் வீடு திரும்பி எட்டு மணி நேரம் ஓய்வெடுத்தபின் வரும் அடுத்த முறைப்பணிக்கு வந்துவிட வேண்டும். 31 முதல் 180 நாள் வரை என்றால் 14 நாளுக்குள்ளும், அதற்கு மேல் என்றால் 90 நாளுக்குள்ளும் வேலைக்கு விண்ணப்பித்தால் போதும். ஒரே முதலாளியிடம் இவ்வாறு விலகியிருக்கும் காலம் பொதுவாக மொத்தம் ஐந்து ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. ஆனால் நேஷனல் கார்டினருக்குக் கட்டாயமான வழக்கப் பயிற்சி அந்தக் கணக்கில் சேராது.

பழைய நாற்காலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்றும் எண்ண வேண்டாம். இடையில் விலகாமல் இருந்திருந்தால் எந்த நிலையை, எந்த ஊதியத்தை எட்டியிருப்பாரோ, அதையே அவருக்குத் தர வேண்டும். கருத்து வேறுபாடு எழுந்தால், பாதுகாப்புத் துறையின்கீழ் இயங்கும் ‘இஎஸ்ஜிஆர்’ அமைப்பு கட்டணமின்றிச் சமரசம் பேசும்; முதலாளிகளும் அதை அணுகலாம்.