வில்லி லோமனை ஏன் சோக நாயகன் என்கிறார்கள்?

"ஆர்தர் மில்லரின் 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' நாடகத்தில் வில்லி லோமன் பொய் சொல்கிறார், மனைவிக்குத் துரோகம் செய்கிறார், வேலையிலும் தோற்கிறார். இவரைப் போய் எப்படிச் சோக நாயகன் என்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கல்லூரியில் எங்களுக்கு 'அமெரிக்கக் கனவின் சரிவு' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். தேர்வுக்கு அது போதும். அப்புறம் நானும் சில வருடம் டார்கெட், கமிஷன் என்று பையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தேன். திரும்ப எடுத்துப் படித்தபோது கண்ணில் பட்டதெல்லாம் கணக்குதான்.

முதல் அங்கத்தில், பழைய நினைவாக வரும் ஒரு காட்சி. வெளியூர் போய்விட்டு வந்த வில்லி, பிராவிடன்ஸில் 500, பாஸ்டனில் 700 டாலருக்கு விற்றேன் என்கிறார். மனைவி லிண்டா சந்தோஷமாகப் பென்சிலை எடுத்துக் கமிஷன் போடுகிறாள்: 212 டாலர்! உடனே வில்லி இழுக்கிறார். பிராவிடன்ஸில் 180 இருக்கும்... இல்லை, மொத்தப் பயணத்துக்குமே 200தான் தேறும். அவள் முகம் சுளிக்காமல் திரும்பக் கணக்குப் போட்டு, எழுபது டாலர் சில்லறை, நல்ல தொகைதானே என்கிறாள். பிறகு பிரிட்ஜுக்கு 16, வாஷிங் மெஷினுக்கு 9.60 என்று கட்ட வேண்டிய தவணைகளை வாசிக்கிறாள். மாதம் பதினைந்தாம் தேதிக்குள் 120 டாலர் வேண்டும். விற்பனை வேலையில் இருந்தவர்களுக்கு அந்த இழுப்பு தெரியும். வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஒரு தொகை, சாப்பிட உட்காரும்போது இன்னொரு தொகை.

லிண்டாவை அப்பாவி மனைவி என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வில்லி தற்கொலைக்கென்று ஃபியூஸ் பெட்டிக்குப் பின்னால், கேஸில் மாட்டும் ஒரு ரப்பர் குழாயை ஒளித்து வைத்திருக்கிறார். லிண்டா அதைக் கண்டுபிடித்துவிடுகிறாள். தினமும் எடுத்துவிடுகிறாள், அவர் வீடு திரும்பும்போது பழையபடி அங்கேயே வைத்துவிடுகிறாள். கேட்டால் அவருக்கு அவமானமாகிவிடுமாம். கமிஷன் கணக்கிலும் அவள் செய்தது இதையேதான். அந்த அன்பு அவரைக் காப்பாற்றுகிறதா, கொல்கிறதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். இரண்டாம் அங்கத்தில் வில்லி, முதலாளி ஹோவர்டிடம் உள்ளூர் வேலை கேட்கப் போகிறார். ஹோவர்ட் பழைய முதலாளியின் மகன், வில்லி குழந்தையிலிருந்து பார்த்து வளர்ந்த பிள்ளை. அவனோ புதிதாக வாங்கிய வயர் ரிக்கார்டர் என்ற ஒலிப்பதிவுக் கருவியில் தன் மகன் மாநிலத் தலைநகரங்களை ஒப்பிப்பதைப் போட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறான். வில்லி பொறுமையாகக் கேட்டுப் பாராட்டிவிட்டு, வாரம் 65 டாலர் போதும் என்று ஆரம்பிக்கிறார். பிறகு 50. பிறகு 40. கடைசியில் இருந்த வேலையும் போகிறது.

அங்கிருந்து நேரே பக்கத்து வீட்டுச் சார்லியிடம் போகிறார். சார்லி வாரம் 50 டாலர் சம்பளத்தில் வேலை தருகிறேன், ஊர் சுற்றவும் வேண்டாம் என்கிறார். வில்லி மறுக்கிறார்! மறுத்துவிட்டு, இன்சூரன்ஸ் தவணைக்கு அவரிடமே கடன் வாங்கிக்கொள்கிறார். நாற்பதுக்குக் கெஞ்சிய மனிதர் ஐம்பதை வேண்டாம் என்ற அந்த இடத்தில்தான் அவர் எனக்குச் சோக நாயகன் ஆனார். தன்னைப் பற்றி மனதில் வைத்திருக்கும் உருவத்தை விட்டுக்கொடுக்க அவரால் முடியவில்லை. நாடகம் 1949 பிப்ரவரி 10 அன்று நியூயார்க்கில் மேடையேறிய அதே மாதம் மில்லர் ஒரு கட்டுரை எழுதினார்: தன் மதிப்பைக் காக்க உயிரையும் கொடுக்கத் துணிகிறவன் சாமானியனானாலும், அரசர்களைப் போலவே அவனும் சோக நாடகத்துக்கு உரியவன் என்பது அதன் சாரம்.

மூத்த மகன் பிஃப் பாஸ்டன் ஓட்டல் அறையில் அப்பாவை வேறொரு பெண்ணோடு பார்த்துவிடுவதைத்தான் எல்லாரும் பெரிதாகப் பேசுவார்கள். எனக்கு உறைத்தது, லிண்டாவுக்குச் சேர வேண்டிய காலுறைகளை அப்பா அந்தப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாரே என்று அவன் கத்துவது. அம்மா வீட்டில் கிழிந்த காலுறையைத் தைத்துக்கொண்டிருப்பாள். இளைய மகன் ஹேப்பி அப்பாவின் நகல், அவ்வளவுதான்.

20,000 டாலர் இன்சூரன்ஸ் பணம் பிஃப்புக்குப் போகட்டும் என்று வில்லி காரை எடுத்துக்கொண்டு சாகக் கிளம்புகிறார். அடக்கத்துக்கு வந்தது குடும்பமும், சார்லியும் அவர் மகன் பெர்னார்டும் மட்டுமே. ஊரே திரண்டு வரும் என்று அவர் நம்பியிருந்தார். வீட்டுக் கடனின் கடைசித் தவணையை லிண்டா அன்றுதான் கட்டியிருக்கிறாள். அப்பா விற்ற சரக்கை எல்லாம் சேர்த்தாலும், வீட்டு முன்படியில்தான் அப்பா அதிகம் இருக்கிறார் என்கிறான் பிஃப். அவர் தன் கையால் கட்டிய படி அது. சிமெண்ட் கலவை கிடைத்தால் போதும், மனிதர் சந்தோஷமாக இருப்பார் என்கிறார் சார்லி.