கடலில் யார் வழி விடுவது? – கைட்போர்டிங் கேள்வி-பதில்

கேள்வி: கைட்போர்டிங்கில், அதாவது கைட் எனும் பெரிய காற்றாடி இழுக்க, பலகையில் நின்று கடலில் சறுக்கும் விளையாட்டில், எதிரும் புதிருமாக இருவர் வேகமாக வந்தால் யார் ஒதுங்க வேண்டும்? சொல்லிக்கொடுத்தார்கள், ஆனால் தண்ணீரில் இறங்கியதும் குழம்பிவிடுகிறது.

பதில்: வலது கையும் வலது காலும் முன்னால் இருக்க வருபவருக்கே முன்னுரிமை. காற்று அவருடைய வலப்பக்கத்திலிருந்து வருகிறது. பாய்மரப் படகுகளுக்கான 1972-ஆம் ஆண்டு சர்வதேச விதியும் இதுதான். இடது கை முன்னால் இருப்பவர் ஒதுங்க வேண்டும். அதையும் கடைசி நொடியில் அல்ல, எதிரே வருபவர் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி முன்கூட்டியே செய்ய வேண்டும். முன்னுரிமை உள்ளவர் போகும் திசையையும் வேகத்தையும் மாற்றக் கூடாது. "பாவம், நானும் கொஞ்சம் ஒதுங்குகிறேன்" என்று நல்லெண்ணத்தில் திரும்புகிறவரைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறும். இருவரும் ஒரே பக்கம் திரும்பிவிட்டால் தப்ப நேரமே இருக்காது. ஆனால், மற்றவர் உங்களைப் பார்க்கவே இல்லை என்று தெரிந்தால் முன்னுரிமையை மறந்துவிட்டு விலகுங்கள்.

இதில் இன்னொரு பாதி இருக்கிறது. பெரும்பாலோர் தவறவிடுவது அதைத்தான். ஒதுங்குவது பலகை மட்டுமல்ல, கைட்டும்தான். கைட்டை உங்களோடு இணைக்கும் கயிறான லைன் சுமார் 20 முதல் 24 மீட்டர் நீளம்; அது காற்று போகும் பக்கமாக, அடுத்தவர் தலைக்கு மேல் நீள்கிறது. எனவே காற்று வரும் பக்கம் இருப்பவர் கைட்டை உயர்த்த வேண்டும், மற்றவர் தாழ்த்த வேண்டும். காற்று வரும் பக்கம் இருப்பவர் கைட்டைத் தாழ்வாக வைத்திருந்தால், இழுவிசையில் விறைத்த அந்த லைன் அடுத்தவரின் கழுத்து உயரத்தில் வரும். மெல்லியதாகத் தெரியும் அந்த லைன் தோலை ஆழமாக அறுக்கும். அதனால்தான் மாணவர்களிடம், "ஆளைப் பார்க்காதே, முதலில் அவர் கைட்டைப் பார்" என்று சலிக்காமல் சொல்கிறேன்.

கேள்வி: குதிக்கும் முன் எவ்வளவு இடம் விட வேண்டும்?

பதில்: காற்று போகும் பக்கம் 50 மீட்டர், வரும் பக்கம் 30 மீட்டர். குதித்தவர் காற்றோடு நகர்ந்துதான் இறங்குவார். அந்தரத்தில் திசை மாற்ற முடியாது. பின்னாலும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். கரையோரம் குதிக்கவே வேண்டாம்.

கேள்வி: நான் கரைக்குத் திரும்பும்போது ஒருவர் கடலுக்குள் கிளம்புகிறார். களைத்து வரும் எனக்கல்லவா வழி விட வேண்டும்?

பதில்: இல்லை, கிளம்புகிறவருக்குத்தான் முன்னுரிமை. ஆழமற்ற தண்ணீரில் அலைக்கு நடுவே, இன்னும் பலகையில் கால் வைக்காமல் நிற்கிறார். ஒரு பலத்த காற்று வீசினால் மணலிலோ பாறையிலோ தூக்கி எறியப்படக்கூடிய இடம் அது. உங்களால் ஒரு சுற்றுச் சுற்றி வர முடியும், அவரால் முடியாது.

கேள்வி: குழந்தைகளோடு நீந்தும் நாங்கள் கைட் ஓட்டுபவர்களுக்கு இடம் விட வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. விலகிப் போவது கைட் ஓட்டுபவரின் பொறுப்பு. நீந்துகிறவர்களுக்கு அருகே, காற்று வரும் பக்கமாக அவர் வரவே கூடாது. உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: கரையில் விரித்துக் கிடக்கும் லைன்களைக் குழந்தைகள் மிதிக்க விடாதீர்கள். கைட் திடீரென்று எழும்பினால் காலில் சுற்றிக்கொள்ளும்.

கேள்வி: இரண்டு கைட்டுகள் சிக்கிக்கொண்டால்?

பதில்: லைனைக் கையால் பிடிக்காதீர்கள், விரல் போய்விடும். உடனே குயிக் ரிலீஸை (கைட்டின் இழுவையை நொடியில் விடுவிக்கும் பாதுகாப்புப் பிடியை) இயக்குங்கள். அப்படியும் இழுவை நிற்கவில்லையென்றால், கைட்டை உங்களோடு கட்டி வைத்திருக்கும் வாரான லீஷையும் கழற்றிவிடுங்கள். இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு கையால் தேடிப் பிடிக்கும்வரை கரையிலேயே பழகுங்கள்.