பழைய கன்சோல் நல்லா ஓடும்போது புதுசு வாங்கலாமா? கேள்வி-பதில்

டிவில மாட்டி வீடியோ கேம் ஆடுற கன்சோல் பத்தி நெறைய கேள்வி சேர்ந்துடுச்சு, எல்லாமே கிட்டத்தட்ட ஒண்ணுதான், கையில இருக்குறது ஓடிட்டிருக்கு, புதுசுக்கு மாறலாமா வேணாமான்னு. அரை லட்சம் ரூவா விஷயம்ங்கறதால கொஞ்சம் நீளமாவே பதில் சொல்றேன்.

கேள்வி: 2017ல வாங்குன பிஎஸ்4 (சோனி ப்ளேஸ்டேஷன் 4) ஸ்லிம் வச்சிருக்கேன், ஒரு கோளாறும் இல்ல. ஃபுட்பால், கிரிக்கெட் 24, அப்பப்ப ஒரு கதை கேம், அவ்ளோதான் விளையாடுவேன். இப்ப 43 இஞ்ச் 4கே டிவி வாங்கியாச்சு. ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் பிஎஸ்5க்கு மாறிட்டாங்க. அரை லட்சத்துக்கு மேல போடுற அளவுக்கு அதுல என்ன இருக்கு அண்ணா? (திருப்பூர்)

பதில்: தம்பி, கடைக்குப் போறதுக்கு முன்னாடி அடுத்த ஆறு மாசத்துல நீங்க விளையாட ஆசப்படுற மூணு கேம் பேர ஒரு பேப்பர்ல எழுதுங்க. மூணும் பிஎஸ்4க்கே வருதுன்னா இப்போதைக்கு மாற வேண்டிய அவசியமே இல்ல. நெறைய பேரு நினைக்கிற மாதிரி பிஎஸ்4 செத்துப் போகல. 2022ல வந்த காட் ஆஃப் வார் ராக்னராக், ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட், கிரான் டூரிஸ்மோ 7, எல்டன் ரிங் நாலுமே பிஎஸ்4ல ஓடும், இதுல ரெண்டு நீங்க இன்னும் தொடலன்னா அதுக்கே பல மாசம் ஆகும், செகண்ட் ஹேண்ட் டிஸ்க்கும் சல்லிசா கெடைக்குது.

ஆனா நீங்க எழுதுனதுல "ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் மாறிட்டாங்க"ன்னு ஒரு வரி இருக்கு பாருங்க, உங்க விஷயத்துல அதுதான் முக்கியம். முன்னாடி ஃபிஃபான்னு இருந்த கேம் 2023ல இருந்து எஃப்சிங்கற பேர்ல வருது, பிஎஸ்4க்கும் வருது, ஆனா அந்த டிஸ்க்ல இருக்குறது பழைய தலைமுறை வெர்ஷன். பிளேயர் ஓடுறது திரும்புறதுலாம் பிஎஸ்5ல வேற மாதிரி இருக்கும். அது கூடப் பரவால்ல, ஆன்லைன்ல பிஎஸ்4காரங்க மைக்ரோசாஃப்ட்டோட பழைய எக்ஸ்பாக்ஸ் ஒன் வச்சிருக்குறவங்களோட சேர்ந்து ஆடலாம், பிஎஸ்5 வெர்ஷன்ல இருக்குறவங்களோட ஆட முடியாது. உங்க ஃப்ரெண்ட்ஸ் தன்னோட பிஎஸ்5ல பிஎஸ்4 வெர்ஷன தனியா இறக்கி வச்சாத்தான் உங்களோட ஆட முடியும், அத யாரு தினமும் செய்வா சொல்லுங்க. ராத்திரி எல்லாரும் சேர்ந்து ஃபுட்பால் ஆடுறதுதான் உங்களுக்கு சந்தோஷம்னா பிஎஸ்5 வாங்குங்க, அந்தப் பணத்துக்கு அது வொர்த். தனியா ஆடுறவரா இருந்தா வேணாம்னு நேரா சொல்லியிருப்பேன்.

படம் எவ்வளவு பளிச்சுன்னு இருக்குன்னு மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க. 43 இஞ்ச் டிவில எட்டு அடி தள்ளி உக்காந்தா பிஎஸ்4 படமும் பிஎஸ்5 படமும் நீங்க நினைக்கிற அளவு வித்தியாசமா தெரியாது. கைக்குத் தெரியுறது ரெண்டு விஷயம். பிஎஸ்4ல இருக்குறது நிமிஷத்துக்கு 5400 தடவ சுத்துற சாதா ஹார்ட் டிஸ்க், பிஎஸ்5ல செகண்டுக்கு 5.5 ஜிபி படிக்கிற எஸ்எஸ்டி, அதாவது சுத்தாத சிப் டிஸ்க், அதனால செத்து செத்து மறுபடி ஆரம்பிக்கிற கேம்ல அந்த லோடிங் காத்திருப்பு கிட்டத்தட்ட இல்லாமலே போயிடும். இன்னொண்ணு ப்ராசஸர். பிஎஸ்4ல போட்டது 2013லயே சுமாரான சிப்புதான், அதனாலதான் பெரிய கேம் எல்லாம் செகண்டுக்கு 30 ஃப்ரேம்ல, அதாவது 30 படம் மாறுற வேகத்துல ஓடுச்சு. பிஎஸ்5ல முக்காவாசி கேம்ல 60 ஃப்ரேம் மோடு இருக்கு. ஒரு தடவ 60ல கிரான் டூரிஸ்மோ ஓட்டிட்டு 30ல ஏதாவது ஒரு ரேஸ் கேம் ஓட்டிப் பாத்தா வண்டி இழுக்குற மாதிரி இருக்கும், இது ஸ்பெக் ஷீட் படிச்சா புரியாது, கையில பிடிச்சாத்தான் புரியும். உங்க ஊர்ல கேம் பார்லர் இருந்தா ஒரு மணி நேரம் காசு குடுத்து பிஎஸ்5 ஆடிப் பாருங்க, அப்புறம் முடிவு பண்ணுங்க.

பேப்பர்ல நீங்க எழுதுன பேரு ஸ்பைடர்மேன் 2, ஆஸ்ட்ரோ பாட், பால்டர்ஸ் கேட் 3 இப்படின்னா பேச்சே இல்ல, இதெல்லாம் பிஎஸ்4க்கு வரல. ஜிடிஏ 6ம் பிஎஸ்5, புது எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ்/எஸ் இதுகளுக்கு மட்டும்தான் அறிவிச்சிருக்காங்க, ஆனா அதுக்காக மட்டும் வாங்குறவங்க அது கைக்கு வர்ற நேரத்துல வாங்குங்க, ரெண்டு தடவ தள்ளிப் போட்ட கேம் அது. சோனியோட பிஎஸ் ப்ளஸ் சந்தா கட்டுறவங்க இன்னொண்ணும் கவனிக்கணும், 2026 ஜனவரில இருந்து மாசாந்திர கேம்ல பிஎஸ்4 கேமுக்கு முக்கியத்துவம் கிடையாதுன்னு சோனியே 2025ல சொல்லிட்டாங்க, பிஎஸ்4 மட்டும் வச்சிருந்தா அந்த சந்தால இருந்து வர்ற பலன் கொறையும்.

கேள்வி: பிஎஸ்5 வாங்குறதுன்னு முடிவு பண்ணிட்டேன் சார். டிஸ்க் போட எடமில்லாத டிஜிட்டல் மாடல் சில ஆயிரம் கம்மியா இருக்கு. எங்கிட்ட பிஎஸ்4 டிஸ்க் ஒரு பதினஞ்சு இருக்கு. எது எடுக்கலாம்? (சேலம்)

பதில்: டிஸ்க் மாடல்தான், யோசிக்கவே வேணாம். பிஎஸ்4ல வந்த 4000க்கும் மேல இருக்குற கேம்ல விரல் விட்டு எண்ணக்கூடிய சிலது தவிர எல்லாமே பிஎஸ்5ல ஓடும், ஆனா டிஸ்க்கா வச்சிருந்தா டிஸ்க் போட எடம் வேணுமே. டிஜிட்டல் எடுத்தீங்கன்னா அந்த பதினஞ்சும் அலமாரில உக்காந்திருக்கும். பிஎஸ்5 வெர்ஷனுக்கு அப்கிரேட் குடுக்குற கேமுக்கும் பழைய டிஸ்க் உள்ள இருந்தாத்தான் வேலை செய்யும்.

அத விட எனக்கு முக்கியமா படுறது மறுவிற்பனை. சோனியோட பெரிய புது கேம் ஒண்ணு இங்க 4,999 ரூவா வரைக்கும் போகுது. டிஸ்க்கா வாங்குனா முடிச்சிட்டு வித்துடலாம், ஃப்ரெண்டுகிட்ட மாத்திக்கலாம், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்லயோ ஆன்லைன்லயோ ஆள் கெடைப்பாங்க, ஒரு நல்ல பங்கு கைக்குத் திரும்பி வரும். டிஜிட்டலா வாங்குன கேம யாருக்கும் விக்க முடியாது, கடன் குடுக்க முடியாது, ஸ்டோர்ல என்ன வெலையோ அதுதான் வெலை. அஞ்சாறு கேம்லயே அந்த சில ஆயிரம் வித்தியாசம் காணாம போயிடும். நம்ம ஊர்ல கேம் விளையாடுறவங்க இத்தன வருஷமா தாக்குப் பிடிச்சதே டிஸ்க் கைமாறிக் கைமாறித்தான், அந்த வசதிய சில ஆயிரத்துக்கு விட்டுக் குடுக்காதீங்க. ஸ்லிம் டிஜிட்டல ஏற்கனவே வாங்குனவங்க பின்னாடி டிஸ்க் ட்ரைவ் தனியா வாங்கி மாட்டிக்கலாம், முதல் தடவ இணைக்க மட்டும் இன்டர்நெட் வேணும்.

பழைய சேவ், அதாவது ஆடுன வரைக்கும் பதிஞ்சு வச்சது, அது பத்தியும் பயப்படாதீங்க, ப்ளஸ் சந்தா இல்லன்னாலும் ரெண்டு கன்சோலயும் ஒரே வைஃபைல போட்டா மாத்திக்கலாம், யூஎஸ்பிலயும் பிஎஸ்4 சேவ் எடுத்துட்டுப் போகலாம். பழைய டூயல்ஷாக் 4 கன்ட்ரோலர் பிஎஸ்5ல பிஎஸ்4 கேமுக்கு மட்டும் வேலை செய்யும், பிஎஸ்5 கேமுக்கு செய்யாது, ரெண்டு பேரு ஆடுற வீடுன்னா இன்னொரு கன்ட்ரோலர் செலவயும் இப்பவே கணக்குல சேத்துக்கங்க.

கேள்வி: பையன் ஒம்பதாவது படிக்கிறான். சொந்தக்காரங்க குடுத்த பழைய எக்ஸ்பாக்ஸ் ஒன் இருக்கு, டிஸ்க் போட்டு விளையாடுறான். இப்ப புது எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் வேணும்னு அடம். வீட்ல 32 இஞ்ச் எச்டி ரெடி டிவி, வைஃபை கிடையாது, மொபைல் ஹாட்ஸ்பாட்தான். (நாகர்கோவில்)

பதில்: அக்கா, இப்ப வாங்காதீங்க. சீரிஸ் எஸ்ல டிஸ்க் போடவே எடமில்ல, இருக்குற டிஸ்க் எதுவும் அதுல ஓடாது, எல்லாம் டவுன்லோடுதான். தினம் 2 ஜிபி டேட்டா வச்சு 100 ஜிபி கேம் இறக்கணும்னா 50 நாள் ஆகும், அதுவும் வேற எதுக்கும் நெட் தொடாம இருந்தா. 512 ஜிபின்னு பெட்டில போட்டிருந்தாலும் சிஸ்டம் போக கேமுக்குக் கெடைக்கிறது 364 ஜிபி சுமாருக்குத்தான், மூணு நாலு பெரிய கேம்ல நெறஞ்சுடும், ஒண்ண அழிச்சிட்டு இன்னொண்ண இறக்கணும், மறுபடியும் டேட்டா. உங்க டிவிலயும் படத்துல பெரிய வித்தியாசம் தெரியாது. பையன்கிட்ட இந்தக் கணக்கையே உக்கார வச்சு சொல்லிக் காட்டுங்க, ஒம்பதாவது படிக்கிற பையனுக்குப் புரியும். என்னைக்கு வீட்டுக்கு ஃபைபர் வருதோ அன்னைக்கு யோசிங்க. அதுவரைக்கும் அந்தப் பழசுலயே எக்ஸ்பாக்ஸ் 360 காலத்து நல்ல கேம் நூத்துக்கணக்குல ஓடும், சில டிஸ்க் வாங்கிக் குடுங்க, ஆனா அதுக்கும் முதல் தடவ கேம் முழுசா டவுன்லோட் ஆகும், பழைய கேம்ங்கறதால சைஸ் கம்மியாத்தான் இருக்கும். ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம்னு எக்ஸ்பாக்ஸ் ஃபேமிலி செட்டிங்லயே பூட்டு போடலாம், பரீட்ச நேரத்துல உபயோகப்படும்.

கேள்வி: துபாய்ல இருந்து மாமா வர்றாரு, நின்டென்டோ ஸ்விட்ச் 2 வாங்கிட்டு வர சொல்லலாமா? பழைய ஸ்விட்ச் இருக்கு. (திருச்சி)

பதில்: பெரிய டிவில மாட்டி ஆடுறவரா, பஸ்லயும் கட்டில்லயும் கையில வச்சு ஆடுறவரான்னு நீங்க சொல்லல. ரெண்டுக்குமே ஸ்விட்ச் 2 நெஜமாவே பெரிய தாவல்தான், 2017 மார்ச்ல வந்த மெஷினுக்கும் 2025 ஜூன்ல வந்த மெஷினுக்கும் எட்டு வருஷ இடைவெளி. கைல 1080பி 7.9 இஞ்ச் ஸ்க்ரீன், டிவில மாட்டுற டாக்ல போட்டா 4கே. பழைய கேம் கார்டு பெரும்பாலும் அப்படியே ஓடும், திக்கித் திணறுன போக்கிமான் ஸ்கார்லெட், வயலெட் மாதிரி கேமுக்கு இலவச அப்டேட்லயே நல்லா ஓட ஆரம்பிச்சிடுச்சு.

ஆனா நின்டென்டோ இந்தியாவுல அதிகாரப்பூர்வமா விக்கிறதில்ல, அதனால ரிப்பேர்னு வந்தா வாரண்டிக்கு இங்க போக எடம் கிடையாது, பில்ல மாமாகிட்டயே பத்திரமா வச்சுக்க சொல்லுங்க. பழைய மைக்ரோ எஸ்டி கார்டுல கேம் போட முடியாது, மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ்னு ஒண்ணு வேணும், அது வெலை ஜாஸ்தி. சில கேம் பெட்டில கார்டு இருக்கும் ஆனா கார்டுக்குள்ள கேம் இருக்காது, டவுன்லோட் பண்றதுக்கு ஒரு சாவி மட்டும்தான், அட்டைல எழுதியிருக்கும், பாத்து வாங்க சொல்லுங்க. ஜப்பான் மாடல் வெலை கம்மின்னு யாராவது சொன்னா வேணாம், அதுல மெனு ஜப்பானிய மொழில மட்டும்தான் இருக்கும். செகண்ட் ஹேண்ட்ல எடுத்தா ஆன்லைன் கடை திறக்குதான்னு பாக்காம காசு குடுக்கவே கூடாது, திருட்டு கார்டு போட்டு ஆடுனதால நின்டென்டோ முடக்குன மெஷினும் கைமாறி வருது.

கேள்வி: பிஎஸ்5 இருக்கு, ப்ரோவுக்கு மாறலாமா? (சென்னை)

பதில்: வேணாம். ப்ரோங்கறது பிஎஸ்5ஓட சக்தி கூடுன மாடல், 2024 நவம்பர்ல வந்தப்ப அமெரிக்காவுல 699 டாலர், டிஸ்க் ட்ரைவும் அதுல கிடையாது, தனியா வாங்கணும். அப்ப இந்தியாவுக்கு வரவே இல்ல, அதுல இருக்குற வைஃபை 7 பயன்படுத்துற 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அப்ப இங்க அனுமதி இல்லாததுதான் காரணம். ப்ரோவுல மட்டும் ஓடுற கேம்னு ஒண்ணும் கெடையாது. அதே பணத்துல நல்ல டிவி வாங்குங்க, வீட்ல எல்லாரும் பாப்பாங்க.

கேள்வி: ரெண்டு வருஷம் பொறுத்தா வெலை கொறையும்னு காத்திருக்கேன், சரிதானே? (கோவை)

பதில்: முன்னாடி சரியா இருந்துச்சு, இப்ப இல்ல. பிஎஸ்4 2013ல 399 டாலர், மூணே வருஷத்துல ஸ்லிம் 299க்கு வந்துச்சு. பிஎஸ்5 2020ல 499, 2025 ஆகஸ்ட்ல அமெரிக்காவுல 549 ஆக்கிட்டாங்க. இங்கயும் 2021 பிப்ரவரில 49,990க்கு வந்தது 2022 நவம்பர்ல 54,990 ஆச்சு, ஸ்லிம் வந்தப்பவும் அதே 54,990தான். ஒரு பொருள் பழசாக ஆக வெலை ஏறுறது நியாயமே இல்லன்னு எனக்கு கோவமே வருது, ஆனா நிலைமை இதுதான். அதனால வருஷக்கணக்கா காத்திருக்குறதுல பலன் இல்ல, கோடை, தீபாவளி ஆஃபர்ல சில ஆயிரம் கொறைப்பாங்க, அந்த நேரத்துக்கு மட்டும் காத்திருங்க. நோ காஸ்ட் இஎம்ஐன்னு போட்டிருந்தா ப்ராசஸிங் ஃபீ எவ்ளோ, வட்டிக்கு மேல போடுற ஜிஎஸ்டி எவ்ளோன்னு பாத்துட்டு கையெழுத்து போடுங்க, அது ரெண்டும் நம்ம தலையிலதான் விழும்.

கேள்வி: பிஎஸ்4 ஃபேன் சத்தம் தாங்கல, லோடிங்கும் ஸ்லோ. தூக்கிப் போட்டுடலாமா? (தஞ்சாவூர்)

பதில்: ஐயோ, தூக்கிப் போடாதீங்க. சத்தம் வர்றது பெரும்பாலும் தூசியாலதான், நல்ல சர்வீஸ் ஆள்கிட்ட குடுத்து ஃபேன் சுத்தம் பண்ணி தெர்மல் பேஸ்ட் மாத்துனா அடங்கிடும். ஹார்ட் டிஸ்க்க எடுத்துட்டு 2.5 இஞ்ச் சாட்டா எஸ்எஸ்டி நீங்களே மாட்டலாம், ஒரு ஸ்க்ரூ ட்ரைவரும் பென் ட்ரைவும் போதும், பிஎஸ்5 வேகம் வராது ஆனா மெனுவும் லோடிங்கும் நல்லாவே சுறுசுறுப்பாகும், இன்னும் ரெண்டு மூணு வருஷம் ஓட்டலாம். சர்வீஸ் கடைல "ஜெயில்பிரேக் பண்ணி நூறு கேம் ஏத்தித் தர்றேன்"னு, அதாவது சோனி போட்ட பூட்ட உடைச்சு திருட்டு கேம் போட்டுத் தர்றேன்னு சொன்னா ஒத்துக்காதீங்க, அப்புறம் ஆன்லைன் பக்கமே போக முடியாது, அக்கவுண்ட்ட முடக்கிடுவாங்க, நீங்க வாங்கி வச்ச கேமும் அதோட போயிடும். டிஸ்க் மாத்துறதுக்கு முன்னாடி சேவ் எல்லாத்தையும் யூஎஸ்பில காப்பி எடுத்துடுங்க, பழைய ஹார்ட் டிஸ்க்க கழட்டுன அப்புறம் அதுல இருக்குறத கம்ப்யூட்டர்ல போட்டுப் படிக்க முடியாது.