சோடாபுட்டிக் கண்ணாடியும் அப்பாவின் கண்ணும்

செல்லூர் வீட்டு முற்றத்தில் அப்பாவுக்குத் தாத்தாவின் சோடாபுட்டிக் கண்ணாடியை மாட்டிப் படமெடுத்தால் கண் தெரியாமல் வெள்ளை அடிக்கிறது, சில்லைக் கழற்றிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கழற்றாதீர்கள். வெறும் ஃபிரேம் நாடக வேஷம் மாதிரி இருக்கும்.

கண்ணாடியைச் செய்தித்தாள்மேல் பிடித்துப் பாருங்கள். எழுத்து நன்றாகப் பெரிதாகிறதா? அப்படியானால் அது அநேகமாகக் கண்புரை அறுவைக்குப் பிறகு கொடுத்தது. அந்தக் காலத்தில் கண்ணின் லென்ஸை எடுத்துவிட்டு இப்படிக் கண்ணாடிதான் தருவார்கள். 1992இல் நம்ம மதுரையிலேயே அரோலேப் நிறுவனம் கண்ணுக்குள்ளேயே பொருத்தும் உள்விழி லென்ஸ் செய்ய ஆரம்பித்தது, அப்புறம் இந்தக் கண்ணாடிகள் மெல்ல மறைந்தன. மாட்டினால் கண் பெரிதாகத் தெரியுமே, உங்களுக்கு நினைவிருக்கும் தாத்தா முகமே அதுதானே.

வெள்ளையாகத் தெரிவது சில்லில் பிரதிபலிக்கும் வானம். அப்பாவை முற்றத்திலிருந்து தாழ்வாரத்துக்குள் நகர்த்தி, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி உட்கார வையுங்கள். காதுக் கம்பியைச் சற்றே தூக்கினால் சில்லு கீழ்நோக்கிச் சாயும். மேடான சில்லு என்பதால் எல்லாம் போகாது; மிச்சத்துக்குக் கேமராவுக்குப் பின்னால் அகலமான கருப்புத் துணி கட்டுங்கள். நேர்முகப் படத்துக்கு, பிரதிபலிப்பைக் குறைக்க லென்ஸ்முன் மாட்டும் போலரைசர் ஃபில்டர் பெரிதாக உதவாது, காசைக் கொட்டாதீர்கள்.

ஃபோகஸ் ஃபிரேமில் போய் உட்காரும், கண்ணில் வையுங்கள். கேமரா லென்ஸின் துளை அளவு (அபெர்ச்சர்) எஃப் 5.6 போதும். சில்லை மட்டும் துடையுங்கள். கீல் ஓரத்துப் பச்சைக் களிம்பும் கம்பியில் சுற்றிய நூலும் அப்படியே இருக்கட்டும். அப்பாவுக்கு எல்லாம் மங்கும், தலை சுற்றும். ஷட்டர் அமுக்கும் நேரத்துக்கு மட்டும் மாட்டச் சொல்லுங்கள்.