பம்புக்குள் ஜல்லி உருளும் சத்தம்: இம்பெல்லரை மாற்றினால் தீராது

கேள்வி: கிணற்றில் 5 எச்.பி. மோனோபிளாக் பம்ப். சக்‌ஷன் (நீரை உறிஞ்சும்) பைப் 2 அங்குலம், 9 மீட்டர் நீளம். நிமிடத்துக்கு 360 லிட்டர் வரும். கோடையில் நீர்மட்டம் பம்புக்கு 6 மீட்டர் கீழே போனால் ஜல்லி உருள்வதுபோல் சத்தம். இம்பெல்லர் (பம்புக்குள் சுழலும் இறகுச் சக்கரம்) இரண்டு முறை அரித்துவிட்டது. தண்ணீரில் மணல் இல்லை. என்ன செய்வது?

பதில்: கழற்றிய இம்பெல்லரைப் பாருங்கள். மணல் அரித்திருந்தால் நீரோட்டத் திசையில் வழவழப்பான வரிகள் இருக்கும். இறகின் நுழைவாயிலை ஒட்டிச் சின்னச் சின்னக் குழிகளாகப் பொத்தலிட்டிருந்தால் அது கேவிட்டேஷன். அழுத்தம் மிகவும் குறையும் இடத்தில் 30 டிகிரித் தண்ணீரும் கொதித்துக் குமிழியாகும். அந்தக் குமிழிகள் இம்பெல்லருக்குள் அழுத்தம் கூடும் இடத்துக்கு வந்ததும் சட்டென்று நொறுங்கி, உலோகத்தைக் கொத்துகின்றன.

கணக்கைப் பாருங்கள். காற்றழுத்தம் 10.3 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமம். (ஊட்டி உயரத்தில் இதிலேயே இரண்டு மீட்டருக்கு மேல் குறைந்துவிடும்.) 30 டிகிரியில் ஆவி அழுத்தத்துக்கு 0.4 மீட்டர், ஏற்றத்துக்கு 6 மீட்டர் போகும். 2 அங்குலக் குழாயில் தண்ணீர் நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் ஓடுவதால் உராய்வு, ஃபுட் வால்வு (குழாயின் அடிமுனை வால்வு), பெண்டு எல்லாம் சேர்ந்து சுமார் 3 மீட்டரைத் தின்னும். மிச்சம் ஒரு மீட்டர்கூட இல்லை. இந்த அளவு பம்புக்குப் பெரும்பாலும் 2 முதல் 3 மீட்டர் வேண்டும். சரியான எண், தயாரிப்பாளர் தரும் வரைபடத்தில் என்.பி.எஸ்.எச். (பம்ப் வாயில் மிஞ்ச வேண்டிய அழுத்தம்) என்று இருக்கும்.

எனவே முதல் வேலை, சக்‌ஷனை 3 அங்குலமாக்குவது. பைப்பை மட்டும் மாற்றிப் பயனில்லை, ஃபுட் வால்வும் 3 அங்குலமாக வேண்டும். பைப் உராய்வு ஏழில் ஒரு பங்காகும். மிச்சம் 3 மீட்டரைத் தாண்டும். பம்ப் வாயில் வைக்கும் ரெடியூசர் (குழாய் விட்டத்தைக் குறைக்கும் இணைப்பு) மேல்பக்கம் தட்டையாக இருக்கட்டும். இல்லாவிட்டால் அங்கே காற்று தங்கும். பெண்டைப் பம்புக்கு ஒட்டிப் போடாதீர்கள், குறைந்தது ஐந்து விட்டம் நேர்க்குழாய் விடுங்கள். நீர்மட்டம் இன்னும் இறங்குமென்றால் பம்பையே ஒரு மீட்டர் கீழே இறக்குங்கள்.

அதுவரை டெலிவரி (தண்ணீர் வெளியேறும்) பக்கக் கேட் வால்வைக் கொஞ்சம் மூடி ஓட்டுங்கள். சத்தம் அடங்கினால் நோய் இதுதான் என்பதும் உறுதியாகும். சக்‌ஷன் பக்க வால்வை மட்டும் தொடவே கூடாது. அங்கே மூடினால் அரிப்பு கூடும். டெலிவரியில் தண்ணீர் இடையிடையே நின்று, காற்றோடு துப்பினால் சக்‌ஷன் இணைப்பில் ஒழுக்கு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.