புரொஜெக்டருக்குள் ஃபிலிம் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்குமா?

இல்லை. நின்று நின்றுதான் போகும், அதுவும் நொடிக்கு 24 தடவை.

சேலத்தில் ஒரு தியேட்டரில் என் தாய்மாமா ஆபரேட்டர். பள்ளி லீவு விட்டால் நான் கேபினே கதி என்று கிடப்பேன். படத்தைவிட மெஷின்தான் வேடிக்கை.

லென்ஸுக்குப் பின்னால் 'கேட்' இருக்கும். அங்கே ஒரு ஃபிரேம் அசையாமல் நிற்கும்போதுதான் வெளிச்சம் பாயும். அடுத்தது இறங்கும்போது ஷட்டர் மறைத்துவிடும். இப்படி நிறுத்தி இழுப்பது ஜெனீவா கிராஸ் என்ற, நான்கு பிளவுள்ள சிலுவைச் சக்கரம். பக்கத்துச் சக்கரத்தின் முள் ஒவ்வொரு சுற்றிலும் பிளவுக்குள் நுழைந்து இதைக் கால் சுற்று தள்ளும். இதோடு சேர்ந்த பல்சக்கரத்துக்கு 16 பல். கால் சுற்றுக்கு 4 பல், ஃபிலிம் ஓரத்தில் 4 துளை, கச்சிதமாக ஒரு ஃபிரேம். எங்கள் ஏற்காடு ரோடு மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவின் கறுப்பு வெள்ளைப் படங்களும் சரி, 1956-ல் வந்த தமிழின் முதல் வண்ணப் படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' என்றாலும் சரி, இதே 4 துளைக் கணக்குதான்.

ஷட்டருக்கு இரண்டு இலை. ஒன்று ஃபிலிம் நகர்வதை மறைக்க. மற்றது, நிற்கிற ஃபிரேமையே வேண்டுமென்று ஒருமுறை மறைக்க! நொடிக்கு 24 தடவை மட்டும் வெளிச்சம் வந்தால் திரை படபடக்கும். 48 ஆனால் கண்ணுக்குத் தெரியாது.

என்னைக் கேட்டால் சூட்சுமமே லூப்தான். கேட்டில் நின்று நின்று வரும் ஃபிலிம், கீழே அதில் பதிந்த ஒலியைப் படிக்கும் இடத்தில் ஒரே சீராக ஓடியாக வேண்டும். இல்லையென்றால் பாட்டு குழறும். அதற்காகத்தான் கேட்டுக்கு மேலும் கீழும் ஃபிலிமைத் தளர்வாக வளைத்து விடுவார்கள். ஒரு ஃபிரேமுக்கான ஒலி அதற்கு 20 ஃபிரேம் முன்னாலேயே பதிந்திருக்கும். கீழ் லூப் அளவு தப்பினால் வாய் ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம். மாமா இரண்டு விரலை உள்ளே விட்டு லூப்பை அளந்து, குமிழைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்த பிறகுதான் கதவைச் சாத்துவார்.

விளக்கு அப்போது கார்பன் குச்சி. எரிய எரிய இரண்டு குச்சிக்கும் நடுவே இடைவெளி கூடும், திருகி நெருக்க வேண்டும், மறந்தால் திரை மங்கும். செனான் பல்பு வந்து அந்தப் பாடு ஒழிந்தது.

ஹீரோவின் கால் மேலேயும் தலை கீழேயும் தெரிந்து விசில் பறக்குமே, அது அறுந்த ஃபிலிமைத் துளை எண்ணாமல் ஒட்டியதால். ஒரு துளை குறைந்தால் அதற்குப் பின் வரும் ஃபிரேமெல்லாம் தள்ளியே நிற்கும். ஃபிரேமிங் குமிழைத் திருகினால் சரியாகிவிடும், அடுத்த ஒட்டு வரும்வரை.