சீசனுக்கு முன்னாடி ரிம், டயர்: கேட்டதும் சொன்னதும்

ஏப்ரல் நெருங்குது, நுவரெலியா பக்கம் ஹில் கிளைம்ப், தியத்தலாவையில பொக்ஸ் ஹில், இடையில கோன் வச்சு ஓட்டுற ஓட்டோகிராஸ், ஜிம்கானான்னு எல்லாருக்கும் கை அரிக்க ஆரம்பிச்சிருச்சு. ரிம் டயர் பத்தி கேளுங்கன்னு ஒரு வார்த்தைதான் சொன்னேன், கொட்டித் தீர்த்துட்டீங்க. ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒண்ணாக்கிட்டேன். சொந்தக் காசுல, வீட்டு வாகனத்துல ஓட்டுறவங்களுக்கு மட்டும்தான் இது. ஸ்பொன்சர் இருக்கிறவங்க வேற ஆளப் பாருங்க.

ஹட்டன்ல இருந்து: அண்ணே, என்கிட்ட நிசான் மார்ச் கே11, 1000 சிசி. 16 இஞ்சி அலோய் செட் ஒண்ணு 195/45 டயரோட மலிவா வருது. எடுக்கவா?

வேணாம் தம்பி. டயர்ல முதல் நம்பர் மில்லிமீட்டர்ல அகலம், அடுத்தது சதவீதம், ஆர்க்குப் பின்னாடி ரிம் இஞ்சி. அகலத்துல சதவீதத்த எடுத்து ரெண்டால பெருக்கி ரிம் அளவ (இஞ்சிய 25.4ஆல பெருக்கி) கூட்டினா டயரோட உயரம் வந்துரும், நீங்களே போட்டுப் பாருங்க. உங்க வண்டிக்கு வந்த 155/70 ஆர்13 கிட்டத்தட்ட 547 மில்லிமீட்டர், நீங்க சொல்றது 582. ஆறு சதவீதத்துக்கு மேல உயரம், அதாவது ஒவ்வொரு கியரும் அந்த அளவுக்கு நீண்டு போகும். ஏற்கனவே நுவரெலியா 1868 மீட்டர் உயரத்துல காத்து அழுத்தம் கடல் மட்டத்துல இருக்கிறதுல அஞ்சுல நாலு பங்குதான், டர்போ இல்லாத சின்ன எஞ்சின் அங்க மூச்சு வாங்கும், அதுமேல நீங்க கியரையும் நீட்டினா ரெண்டாவது கியர்ல வளைவ விட்டு வெளிய வரவே மாட்டீங்க. 14 இஞ்சி ரிம்ல 185/55 போடுங்க, 559தான் வரும், ரிம்மும் எடை குறைவு. பாக்க அழகா இருக்காதுன்னு சொல்வாங்க, சொல்லட்டும்.

பண்டாரவளை: சிவிக் இஜி. 15க்கு 7ஜே, ஓஃப்செட் 35 ரிம் இடிக்குமா?

ஜேக்கு முன்னாடி வர்ற நம்பர் ரிம்மோட அகலம் இஞ்சியில, ஓஃப்செட்ங்கிறது ரிம்மோட நடுக்கோட்டுல இருந்து ஹப்புல ஒட்டுற முகம் எவ்வளவு மில்லிமீட்டர் வெளிய இருக்குங்கிறது. கம்பெனி ரிம் 14க்கு 5.5ஜே, ஓஃப்செட் 45ன்னு வச்சுக்குவோம். அகலம் ஒன்றரை இஞ்சி கூடுது, பாதி 19 மில்லிமீட்டர். ஓஃப்செட் 10 குறையுது. அப்ப வெளிப்பக்கம் 29 மில்லிமீட்டர் தள்ளி வரும், உள்பக்கம் 9 மட்டும் சொக் அப்சோர்பர் பக்கம் போகும். உள்ள இடிக்கிறது அபூர்வம், வெளியில பின் பக்கம் ஃபெண்டர் மடிப்பு உரசலாம், வண்டிய இறக்கியிருந்தா கட்டாயம் பாருங்க. டயருக்கு 195/50 ஆர்15 போதும், 576 வரும், பழைய 185/60 ஆர்14 578, ஸ்பீடோமீட்டர் கூட மாறாது. 195க்கு 7ஜே தான் கடைசி எல்லை, ஆனா அப்பிடி இழுத்து நிக்கிறது போட்டிக்கு நல்லது, சைட்வோல் சாயாது.

இன்னும் ரெண்டு விஷயம். ஹோண்டா ஹப் 56.1 மில்லிமீட்டர், வெளி ரிம்களோட நடு ஓட்டை பெரும்பாலும் 67 இல்லாட்டி 73, அதனால அந்த இடைவெளிய அடைக்கிற ஹப் ரிங் வாங்குங்க, இல்லாட்டி ஸ்டியரிங் உதறுது பலன்ஸ் சரியில்லன்னு கடை கடையா ஏறி இறங்குவீங்க. அடுத்தது நட். ஹோண்டாவோட சொந்த நட் உருண்டை முகம், வெளி ரிம்மு பெரும்பாலும் கூம்பு முகம் கேக்கும். மாத்திப் போட்டா டைட் ஆன மாதிரி தெரியும், ஆனா பிடிக்காது. மார்ச், சுவிஃப்ட் வச்சிருக்கிறவங்க ஹோண்டா நட்ட கடன் வாங்காதீங்க, அவங்களுது 12க்கு 1.25 புரி, ஹோண்டா டொயோட்டா 12க்கு 1.5.

தலவாக்கலை: டோயோ ஆர்888ஆர் ஒரு செட் கிடைக்குது, டிரெட்வெயார் 100. இன்னொருத்தர் யோக்கோஹாமா ஏ052 எடுக்கச் சொல்றார், அது 200. நம்பர் குறைஞ்சா தானே ஒட்டும்?

இந்தக் கேள்வி மட்டும் அஞ்சாறு பேர் கேட்டிருக்கீங்க, அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன். டிரெட்வெயார்ங்கிறது தேய்மானக் கணக்கு, கிரிப் கணக்கு இல்ல. 100ன்னு ஒரு அடிப்படை டயர வச்சு அதோட ஒப்பிட்டு போடுற நம்பர், அதுவும் கம்பெனிக்காரங்களே சோதிச்சு போட்டுக்குவாங்க. அமெரிக்காவுல எஸ்சிசிஏங்கிற மோட்டர் ஸ்போர்ட் சங்கம் நடத்துற ஓட்டோகிராஸ்ல ஸ்ட்ரீட் கிளாஸ்ல ஓடணும்னா குறைஞ்சது 200 இருக்கணும், அதுக்காகவே ஏ052, பிரிஜ்ஸ்டோன் ஆர்இ-71ஆர்எஸ் மாதிரி டயர் எல்லாம் 200ன்னு முத்திரை குத்திக்கிட்டு வந்து நிக்குது. அதே 200 போட்ட ஹான்கூக் ஆர்எஸ்4 அதுங்களவிட எவ்வளவோ அதிக நாள் உழைக்கும், ஆனா முதல் ஓட்டத்துல அந்தப் பிடி வராது. ஒரே நம்பர், வேற வேற டயர்.

நம்ம கதை என்னன்னா, ஒரு ஓட்டம் ஒரு நிமிஷம், மிஞ்சிப்போனா ஒன்றரை நிமிஷம். அதுக்கு முன்னாடி வரிசையில கால் மணி, அரை மணி நிக்கணும். மலையில காலைல தார் ரோடே ஜில்லுன்னு கிடக்கும். ஆர்888ஆர் மாதிரி சர்க்யூட் டயர் குளிர்ல வச்ச வெல்லம் மாதிரி, சூடு பட்டாதான் ஒட்டும், கட்டுக்குருந்தையில வெயில்ல பத்து லாப் ஓட்டுறவனுக்கு அது சரி, அவன் ஜெயிச்சான்னு பாத்துட்டு நீங்க அதையே நானுஓயாவுல போட்டா டயர் சூடாகுறதுக்குள்ள ஓட்டமே முடிஞ்சுரும். ஏ052 முதல் வளைவிலயே பிடிக்கும், அதுக்கு விலை என்னன்னா வேகமா கரையும், தொடர்ந்து ஓட்டினா கொதிச்சு வழுக்கும், ஆனா ஒரு நிமிஷ ஓட்டத்துல அந்தக் கவலை நமக்கு இல்ல. காசு இல்லாட்டி அட்வான் நியோவா ஏடி08ஆர் நல்ல நிலையில கிடைச்சா எடுங்க, ஈரத்துலயும் நம்பலாம். வாங்குறதுக்கு முன்னாடி அந்தப் போட்டியோட விதிப் புத்தகத்த வாசிங்க, ஒவ்வொரு கிளாசுக்கும் டயர் விதி வேற.

நானுஓயா: ஸ்டார்ட்டுக்கு முன்னாடி முன் டயர நல்லா சுத்தவிட்டு சூடாக்கிட்டுத்தான் போறேன், அப்பிடியும் ரெண்டாவது வளைவுல பின்பக்கம் விசிறுது. சஸ்பென்சன் கோளாறா?

சஸ்பென்சன் இல்ல, நீங்க சூடாக்கினதுதான் காரணம். முன் சக்கரம் இழுக்கிற வண்டியில சுத்தவிட்டா முன் டயர் மட்டும்தான் சூடாகும், பின் டயர் காலைல வந்த மாதிரியே குளிர்ந்து கிடக்கும். முன்னாடி பிடி கூடுது, பின்னாடி இல்ல, பின்பக்கம் சுத்தாம என்ன செய்யும். ஹில் கிளைம்ப்ல இது ஆபத்து, கோன் இருக்கிற இடத்துல கோன் மட்டும்தான் விழும், மலை ரோட்டுல ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் தேயிலை, அதுக்குக் கீழ என்னன்னு உங்களுக்கே தெரியும். முன்னாடி ஏ052 போட்டு பின்னாடி பழைய டயர் போட்டு காசு மிச்சம் பிடிக்கிறவங்களுக்கும் இதேதான் நடக்கும். நாலும் ஒரே டயர். முன்னாடி சுத்தவிடுறத குறைங்க, முதல் ரெண்டு வளைவு வரைக்கும் ஆக்சிலேட்டர திடீர்னு விடாதீங்க, அங்க போற கால் செக்கன் மேல ஏறும்போது திரும்ப வரும்.

மஸ்கெலியா, வேலை கொழும்புல: கொழும்புல 30 பிஎஸ்ஐ அடிச்சுட்டு மேல ஏறினா எவ்வளவு குறையும்?

நல்ல கேள்வி. குளிருக்கு ஒவ்வொரு 5.5 பாகை குறைவுக்கும் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ இறங்கும். கொழும்புல 30 பாகை, நுவரெலியாவுல 15 பாகைன்னா ரெண்டரைக்கு கிட்ட இறங்கணும். ஆனா கேஜ் காட்டுறது வெளிக்காத்துக்கும் உள்காத்துக்கும் உள்ள வித்தியாசத்த, மேல வெளிக்காத்து அழுத்தம் 3 பிஎஸ்ஐ அளவுக்கு கம்மி, அதனால கேஜ் அந்த அளவுக்கு ஏறும். ரெண்டையும் கழிச்சா கிட்டத்தட்ட அதே 30ல நிக்கும். ஆனா மத்தியானம் வெயில் வந்தா இந்தக் கணக்கு எல்லாம் மாறிரும், அதனால மேல வந்து, டயர் ஆறினப்புறம், உங்க சொந்த கேஜ்ல அளந்து வைங்க. பெட்ரோல் ஷெட் கேஜ நம்பாதீங்க.

எவ்வளவு வைக்கிறதுன்னா, சிவிக் அளவு வண்டிக்கு முன்னாடி 32, பின்னாடி 34ல தொடங்குங்க, சைட்வோல்ல சோக்குக்கட்டியால கோடு போடுங்க, ஓடி வந்து பாருங்க. சைட்வோல்ல இருக்கிற சின்ன முக்கோண அடையாளத்தத் தாண்டி கோடு அழிஞ்சிருந்தா காத்து பத்தல, அது வரைக்குமே அழியாட்டி கூடிப்போச்சு. பின்பக்கம் திரும்ப மாட்டேங்குதுன்னா பின் டயருக்கு ரெண்டு ரெண்டா ஏத்திப் பாருங்க.

மாத்தளை: நைட்ரஜன்?

நீங்க மூச்சு விடுற காத்துலயே 78 சதவீதம் அதுதான். ஈரமில்லாத காத்தா அடிச்சா போதும்.

வெலிமடை: ஜப்பான்ல இருந்து வந்த பாவிச்ச போட்டி டயர், மேல் ரப்பர் கட்டை நிறைய இருக்கு. வாங்கலாமா?

கட்டைய பாக்குறதுக்கு முன்னாடி தேதிய பாருங்க. சைட்வோல்ல கடைசி நாலு இலக்கம், 2319ன்னா 2019ல 23வது வாரம். போட்டி ரப்பர் தேய்ஞ்சு சாகிறதவிட காய்ஞ்சு சாகிறதுதான் அதிகம், ஒவ்வொரு தடவையும் சூடாகி ஆறும்போது இறுகிக்கிட்டே போகும். நகத்தால அழுத்துங்க, பதியாட்டி அது வெறும் கறுப்பு வளையம். ஏழெட்டு வருஷப் பழசு, எவ்வளவு மலிவா இருந்தாலும் நான் தொடமாட்டேன். நீங்க வாங்கின நல்ல டயரையும் அடுத்த ஏப்ரல் வரைக்கும் கராஜ் வாசல்ல வெயில்ல போட்டு வைக்காதீங்க. பையில சுத்தி இருட்டுல வைங்க, வெல்டிங் பிளான்ட், மோட்டர் பக்கம் வேணாம், பளபளப்பு எண்ணெயும் பூசாதீங்க.

கம்பளையில இருந்து ஒரு தங்கச்சி: போட்டி டயரோடயே ரம்பொட வழியா நுவரெலியா போய் வரலாமா? மாத்துறது கரைச்சல்.

கரைச்சல்தான், ஆனா மாத்துங்க தங்கச்சி. ஏப்ரல்ல மத்தியானத்துக்கு மேல இடி மழை வரும்னு சொல்லத் தேவையில்ல, ரம்பொட ரோட்டுல தண்ணி குறுக்கால ஓடும்போது காடி குறைஞ்ச டயர் தண்ணிமேல மிதக்கும், கூட பனியும் இறங்கினா பஸ்காரன் வர்றதும் தெரியாது. பின் சீட்ட மடிச்சா 195/50 ரிம்மோட நாலும் ஏறும். ஜாக்கி, குறுக்கு ஸ்பேனர், டோர்க் ரென்ச், ஒரு பலகைத் துண்டு இருந்தா அரை மணி வேலை. அந்த ஏ052 போற வர்ற ரோட்டுல தேயிறதும் உங்க காசுதான்.

பதுளை: தார்ல ஓடின அதே டயர பொக்ஸ் ஹில்லுக்கு போடலாமா?

அது மண் ரோடு. அகலமான மென்மையான டயர் மண்ணுமேல வழுக்கும், கல்லுல கிழியும். ஒடுக்கமான, உயரமான, கட்டை பெரிசான, சைட்வோல் தடிச்ச டயர்தான் மேல் மண்ணை வெட்டி அடியில பிடிக்கும். ரிம்மும் 13, 14 போதும், இரும்பு ரிம்னா வளைஞ்சா தட்டி நிமித்தலாம்.

கண்டி: கொழும்பு பஞ்சிகாவத்தையில பிராண்ட் ரிம் மாதிரியே ஒரு செட் பாதி விலைக்கு. ஒண்ணுல சின்ன வெல்ட் இருக்கு, பரவாயில்லயா?

காப்பி ரிம் எல்லாமே கெட்டதில்ல, பின்பக்கம் ஜேடபிள்யூஎல்ங்கிற ஜப்பான் அலோய் ரிம் தர முத்திரையும் எடை தாங்குற அளவும் அச்சாகியிருக்கான்னு பாருங்க, அதுவும் பொய்யா அச்சடிக்கலாம், அதனால பலன்ஸ் மெஷின்ல சுத்தவிட்டு ஆட்டம் பாருங்க, ஸ்போக் அடியில முடி மாதிரி கீறல் இருக்கான்னு டோர்ச் அடிச்சுப் பாருங்க. வெல்ட் பண்ணினது வேணாம், சின்னதோ பெரிசோ. வெல்டோட சூட்டுல அலோய்யோட பதம் அந்த இடத்துல போயிரும், போட்டி வளைவுல வர்ற சுமை நேரா அங்கதான் விழும். எடை முக்கியம்னா தராசு கொண்டு போங்க. என்கெய் ஆர்பிஎஃப்1 15க்கு 7ஜே நாலரை கிலோகூட இல்ல, அதே தோற்றத்துல ஏழு கிலோ ரிம்மும் கடையில தொங்குது.

டிக்கோயா: கையில கொஞ்சம் காசுதான் இருக்கு. ரிம்மா, டயரா, சொக்கா?

முதல்ல பிரேக் பேட், அலைன்மென்ட். அப்புறம் டயர். இருக்கிற ரிம்லயே நல்ல டயர் ஏத்தலாம்னா ரிம் வாங்காதீங்க, டயர் அளவ முடிவு பண்ணிட்டு அதுக்கு ரிம் தேடுறதுதான் முறை, நம்ம ஆளுங்க அப்பிடியே தலைகீழா செய்வாங்க. முதல் சீசன் சாதா டயர்லயே ஓடுங்க, அது வழுக்குறதுக்கு முன்னாடி கத்தி எச்சரிக்கும், நல்ல டயர் கத்தாம திடீர்னு விடும். சொக்கு அடுத்த வருஷம்.

அதே டிக்கோயா தம்பி திரும்ப: நட் எவ்வளவு டைட்?

சிவிக்னா 108 நியூட்டன் மீட்டர், மத்த வண்டிக்கு அந்தந்தப் புத்தகம் பாருங்க. டயர் கடை கன்னால அடிச்சத அப்பிடியே நம்பாதீங்க, குறுக்கு மறுக்கா கையால இறுக்குங்க, முதல் ஓட்டம் முடிஞ்சு டயர் ஆறினதும் ரென்ச்ச திரும்ப ஒரு தடவை வைங்க.